விமானி போனால் இன்னொரு விமானி வருவாரா?

ஏப்ரல் 6, 2024. நகரி வாசகரின் கேள்வி

1942-இல் இதே ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன என்று இன்றைய தெலுங்குப் பத்திரிகையில் படித்தேன். அதன் பிறகு அந்தக் கப்பல் படை ஏன் நம் பக்கம் திரும்பி வரவில்லை? இரண்டே மாதத்தில் பசிபிக் கடலின் மிட்வே தீவுச் சண்டையில் அமெரிக்கர்களிடம் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்துவிட்டார்கள், அதனால்தான் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கப்பல் கட்ட வருடக்கணக்கில் ஆகும். விமானி இறந்தால் அடுத்த வகுப்பிலிருந்து இன்னொருவர் தேறி வருவார். கடற்படையில் இருந்த ஐயா என்ன சொல்கிறீர்கள்?

அதே நாள், இரவு

தம்பி, எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஜப்பான் கப்பலைத் திரும்பப் பெற்றது. ஆளைத்தான் பெற முடியவில்லை.

ஜூன் 1942-இல் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் மூழ்கின. ஜூன் 1944-இல் பிலிப்பைன் கடல் சண்டைக்கு ஜப்பான் எத்தனை விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்தது தெரியுமா? ஒன்பது. அவற்றில் தைஹோ புத்தம் புதியது, மேல்தளத்துக்கே கவசம் போட்ட கப்பல். நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள். பெரிய படைதான். ஜூன் 19 அன்று ஒரே பகலில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் விழுந்தன. அமெரிக்கர்கள் இழந்தது சுமார் முப்பது.

ஜப்பானிய விமானங்களை ஓட்டியவர்களில் பலர் பயிற்சிக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம், இன்னொன்றுக்கு மூன்று, மற்றொன்றுக்கு இரண்டே மாதம். எதிரில் இருந்த அமெரிக்க விமானிகள் குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்றவர்கள். 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் போன ஜப்பானியர்களோ சராசரியாகச் சுமார் 700 மணி நேரம் பறந்தவர்கள். அன்றைக்கு உலகத்தில் அவர்களுக்கு ஈடான கடற்படை விமானிகள் கிடையாது.

ஏப்ரல் 7, காலை

ஜுயிகாகு என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலின் கதையையும் சொல்ல வேண்டும். அதுவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்.

மே 1942, பவளக் கடல் சண்டை. அதனோடு வந்த ஷோகாகு என்ற கப்பலின் மேல்தளம் குண்டுகளால் கிழிந்தது. ஜுயிகாகு மழைமேகத்தின் அடியில் மறைந்துகொண்டது, ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் அதன் விமானங்களும் விமானிகளும் பெருமளவில் போய்விட்டார்கள். அடுத்த மாதம் மிட்வே. ஜுயிகாகு ஜப்பானில் துறைமுகத்தில் நிற்கிறது. இயந்திரம் ஓடும், லிஃப்ட் வேலை செய்யும், பறக்கத்தான் ஆள் இல்லை.

அதே சண்டையில் அடிபட்ட அமெரிக்க யார்க்டவுன் பேர்ல் துறைமுகத்துக்கு வந்தது. மூன்றே நாளில் பழுது பார்த்தார்கள். அதன் ஆட்களும் குறைந்திருந்தார்கள். என்ன செய்தார்கள்? சரடோகா என்ற வேறொரு கப்பலின் ஸ்குவாட்ரன்களை, அதாவது விமானப் பிரிவுகளை, தூக்கி யார்க்டவுனில் ஏற்றி மிட்வேக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் ஒரு கப்பலின் விமானிகள் அந்தக் கப்பலுக்கே உரியவர்கள் என்பது வழக்கம். ஷோகாகுவில் மிஞ்சியவர்களையும் ஜுயிகாகுவில் மிஞ்சியவர்களையும் சேர்த்து ஒரு குழு ஆக்கியிருந்தால் மிட்வேயில் ஐந்தாவது கப்பல் நின்றிருக்கும். அந்த வழக்கத்தை உடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 7, மாலை

அரக்கோணத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "மிட்வேயில்தான் ஜப்பானின் தலைசிறந்த விமானிகள் அத்தனை பேரும் செத்தார்கள் என்று படித்திருக்கிறேன்."

பரவலாக அப்படித்தான் எழுதுகிறார்கள், அது சரியல்ல. மிட்வேயில் இறந்த ஜப்பானிய விமானப் பணியாளர்கள் சுமார் 110 பேர். அவர்களில் பெரும்பகுதி ஹிர்யுவைச் சேர்ந்தவர்கள். மற்ற மூன்று கப்பல்கள் எரிந்தபோது விமானிகளில் பலர் பக்கத்துக் கப்பல்களுக்கு மாற்றப்பட்டு உயிர் பிழைத்தார்கள்.

அங்கே வேறொரு கூட்டம் மாண்டது. அதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்வேன், ஏனென்றால் நானும் அந்த வேலைக்காரன். கப்பலுக்குள் விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் இருந்த விமான மெக்கானிக்குகள், குண்டு பூட்டுபவர்கள், எண்ணெய் நிரப்புபவர்கள் எழுநூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். விமானங்களில் எண்ணெய், பக்கத்தில் டார்பிடோ என்ற நீருக்குள் பாயும் குண்டு, கழற்றி வைத்த மற்ற குண்டுகள், இரண்டு பக்கமும் மூடிய ஹேங்கர். தீ பிடித்தால் ஓட இடமே இல்லை. ஒரு இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லும் ஆள் உருவாக எத்தனை காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். விமானியின் பெயராவது எங்காவது பதிவாகிறது. இவர்களை நினைப்பவர் இல்லை.

ஏப்ரல் 9

விமானிகள் எங்கே போனார்கள் என்றால், சாலமன் தீவுகளில். ஆகஸ்ட் 1942-இலிருந்து கரைந்தார்கள்.

ஜப்பானியரின் ரபாவுல் தளத்திலிருந்து சண்டை நடந்த குவாடல்கனால் தீவுக்கு ஒரு வழிப் பயணமே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். போய்ச் சண்டையிட்டுத் திரும்ப எட்டு மணி நேரம் வரை ஒற்றை இருக்கையில். தொடக்கத்தில் இடையில் இறங்கச் சரியான தளம் கிடையாது. சிறிய அடி பட்டாலும் கடல்தான். ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானத்தில் விமானிக்குக் கவசம் இல்லை. துளை விழுந்தால் தானே மூடிக்கொள்ளும் எண்ணெய்த் தொட்டி இல்லை. எடையைக் குறைத்து வேகத்தையும் தூரத்தையும் வாங்கினார்கள். அந்த விலையைக் கொடுத்தவர் உள்ளே உட்கார்ந்திருந்தவர். தரையில் மலேரியா. விடுப்பு கிடையாது, மாற்று ஆள் கிடையாது. சாகும்வரை அல்லது உடல் முடமாகும்வரை பறக்க வேண்டும்.

சபுரோ சகாய் என்ற விமானி ஆகஸ்ட் 7 அன்று தலையில் குண்டடி பட்டு, முகமெல்லாம் இரத்தத்தோடு, நான்கே முக்கால் மணி நேரம் ஓட்டி ரபாவுல் வந்து சேர்ந்தார். வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகே அவரைப் பயிற்சி கொடுக்க அனுப்பினார்கள். ஒரு கண்ணை இழந்தால்தான் ஆசிரியராக முடியும் என்பது என்ன ஏற்பாடு! 1944-இல் அந்த ஒற்றைக் கண்ணோடு அவரை மறுபடியும் போருக்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு அக்டோபர் 26, சாந்தா குருஸ் தீவுகளுக்கு அருகே நடந்த கடற்சண்டை. கணக்கைப் பார்த்தால் ஜப்பான் வெற்றி. அமெரிக்க விமானந்தாங்கி ஹார்னெட் மூழ்கியது, இன்னொன்றான என்டர்பிரைஸ் அடிபட்டது, ஜப்பானியக் கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை. ஆனால் 99 விமானங்களும் 148 விமானப் பணியாளர்களும் போனார்கள். ஆள் இழப்பு மிட்வேயைவிட அதிகம். அமெரிக்கர்கள் 81 விமானங்களை இழந்தாலும் இறந்த பணியாளர்கள் 26 பேரே. ஜப்பானின் 148 பேரில் பலர் குழுத் தலைவர்கள். பேர்ல் துறைமுகத்தில் டார்பிடோ விமானங்களுக்குத் தலைமை தாங்கிய முராதா அன்று இறந்தார். சேதமே இல்லாத ஜுயிகாகு அதன் பிறகு மறுபடியும் ஆள் தேடி ஜப்பானுக்குத் திரும்பியது. ஐந்து மாத இடைவெளியில் இரண்டாவது முறை.

ஏப்ரல் 10

புத்தூர் ஆசிரியர் ஐயா கேட்கிறார்: ஏப்ரல் 9, 1942 அன்று மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானியர் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ்தானே பிறகு நம் விராட் கப்பல் ஆனது?

இல்லை ஐயா. மூழ்கியது பழைய ஹெர்மிஸ், அது கடலடியிலேயே கிடக்கிறது. அதே பெயரில் பிரிட்டன் பிறகு கட்டி 1959-இல் பணியில் சேர்த்த கப்பலை 1986-இல் நாம் வாங்கி, 1987-இல் விராட் என்ற பெயரில் பணியில் சேர்த்தோம். அந்த விராட்டில் நான் வேலை பார்த்திருக்கிறேன், ஆகவே இது எனக்கு வீட்டுச் செய்தி போல.

மூழ்கிய ஹெர்மிஸைப் பற்றி இன்னொன்று. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. திருகோணமலையில் கரையில் இறக்கி வைத்திருந்தார்கள். மேலே வந்த ஜப்பானியர் போட்ட குண்டுகளில் மிகப் பெரும்பகுதி குறி தவறவில்லை. நகர்கிற கப்பல் மீது அப்படிக் குண்டு போடுவது அந்த நாளில் வேறெந்தக் கடற்படையாலும் முடியாத காரியம். அந்தக் கைகளைத்தான் அடுத்த ஏழு மாதத்தில் செலவழித்துத் தீர்த்தார்கள்.

ஏப்ரல் 13

"சாந்தா குருஸில் அமெரிக்கர்களின் இழப்பு மட்டும் எப்படி 26-இல் நின்றது?" என்று தம்பி தனியாகக் கேட்டிருக்கிறார்.

சண்டை நடந்த இடம் ஒரு காரணம். கவசமும் தொட்டியும் இன்னொரு காரணம். எல்லாவற்றையும்விட, கடலில் விழுந்தவரைத் தேடிப் போனார்கள். காட்டலினா என்ற நீரில் இறங்கும் விமானங்கள், நாசகாரிக் கப்பல்கள், பிற்பாடு நீர்மூழ்கிகளும். 1944 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியரின் டிரக் தீவுத் தளத்தைத் தாக்கியபோது டாங் என்ற ஒரே நீர்மூழ்கி 22 பேரைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. பின்னாளில் அதிபரான ஜார்ஜ் புஷ்ஷும் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு நீர்மூழ்கியால் காப்பாற்றப்பட்ட விமானிதான்.

ஜூன் 20, 1944 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானங்கள் வெகு தூரம் போய்த் தாக்கிவிட்டு இருட்டில் திரும்புகின்றன, எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. எதிரி நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கலாம். ஆனாலும் அட்மிரல் மிட்ஷர் கப்பல்களின் விளக்குகளை எல்லாம் எரியவிடச் சொன்னார். சுமார் 80 விமானங்கள் கடலில் விழுந்தோ தளத்தில் மோதியோ நாசமாயின. விமானம் போனால் போகட்டும் என்று விட்டார்கள். அந்த இரவும் அடுத்த நாட்களிலும் தேடி ஆட்களில் பெரும்பாலோரை மீட்டார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விராட்டின் மேல்தளம்தான் கண்ணில் நிற்கும். நான் சேத்தக் ஹெலிகாப்டர் பிரிவில் மெக்கானிக். ஹாரியர் போர் விமானங்கள் பறக்கும் நாட்களில் எங்கள் ஹெலிகாப்டர்தான் முதலில் ஏறும், கடைசியில் இறங்கும். கப்பலுக்குப் பக்கவாட்டில் காற்றிலேயே நிற்கும், உள்ளே குதிக்கத் தயாராக நீச்சல் வீரர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது. வெயிலில் தளம் கொதிக்கும், வேலை முடிந்து துருவைத் தேய்ப்போம். பார்ப்பவர்களுக்கு வீண் செலவாகத் தோன்றும். ஆனால் ஹாரியரில் ஏறப் போகிற விமானி எங்கள் பக்கம் திரும்பி ஒரு முறை கையை உயர்த்திவிட்டுப் போவார். கீழே எடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தவர் பறக்கும் விதமே வேறு. இதை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது, ஆனால் நான் முழுக்க நம்புகிறேன்.

ஜப்பானிய விமானிகளில் பலர் பாராசூட்டே கட்டாமல் பறந்தார்கள் என்பதை வீரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஏப்ரல் 14

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். 

ஏப்ரல் 18

நகரித் தம்பி எழுதியதை இங்கே அப்படியே போடுகிறேன், நன்றாகச் சொல்லியிருக்கிறார்: "எங்கள் தெருவில் விசைத்தறிகள் எல்லாம் இருக்கின்றன ஐயா. பழுது பார்க்கும் பெரியவர் இறந்த பிறகு ஆறு தறி ஓடவில்லை. அவர் மகன் சென்னையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நீங்கள் சொல்வது இதுதானா?"

இதேதான் தம்பி. பெரியவருக்கு ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க நேரம் இருந்ததா என்பதே கேள்வி. அமெரிக்காவில் சண்டையில் பேர் வாங்கிய விமானியைப் பறித்துக்கொண்டு போய் வகுப்பில் நிறுத்தினார்கள். ஜீரோவை எதிர்கொள்ள இரண்டு விமானங்கள் மாறி மாறிக் குறுக்கே நெய்து பறக்கும் உத்தியைக் கண்டுபிடித்த தாச், மிட்வேக்குப் பிறகு பயிற்சிப் பணிக்கு அனுப்பப்பட்டார். அவர் இன்னும் நான்கு ஜீரோக்களைச் சுட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் கற்றுக்கொடுத்தது பல ஸ்குவாட்ரன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

மிச்சிகன் ஏரியில் சக்கரத்தால் ஓடும் பழைய பயணிகள் கப்பல்கள் இரண்டை வாங்கி, மேலே விமானத் தளம் போட்டு, வுல்வரின், சேபிள் என்று பெயர் வைத்து, அதில் இளைஞர்களை ஏறி இறங்கப் பழக்கினார்கள். ஏரியில் நீர்மூழ்கி வராது. போர் முடிவதற்குள் பல்லாயிரம் பேர் அங்கே தேறினார்கள். சண்டைக்கே போகாத அந்த இரண்டு கப்பல்களை நான் பெரிய போர்க்கப்பல்களுக்கு மேலாக மதிக்கிறேன்.

ஏப்ரல் 21

ஒரு வாரமாக யோசித்ததில் இன்னொரு பக்கமும் தெரிகிறது.

"ஏன் அனுபவசாலிகளைப் பின்னுக்கு இழுக்கவில்லை" என்று கேட்பது சுலபம். போருக்கு முன் ஜப்பான் கடற்படை ஆண்டுக்குச் சுமார் நூறு விமானிகளையே தேர்ச்சி பெறச் செய்தது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தவர்களை வடிகட்டி, சிறு பிழைக்கும் வெளியேற்றி, மிச்சமிருந்தவர்களை வைரமாக்கினார்கள். அப்படிக் கையளவு ஆட்களை வைத்துக்கொண்டு போரில் இறங்கினால், பாதிப் பேரை ஆசிரியர் ஆக்கு என்று 1942-இல் எந்தத் தளபதியாலும் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்குக் கப்பலில் பறக்க ஆள் இருக்காது. ஆக, ரபாவுலில் எடுத்த முடிவு மட்டுமே குற்றமன்று. நூறு பேர் போதும், சண்டை சீக்கிரம் முடிந்துவிடும் என்று முன்பே போட்ட கணக்கில் வேர் இருக்கிறது.

அமெரிக்கர்களும் ஆட்களை அள்ளி இறைக்காதவர்கள் அல்லர். மிட்வேயில் ஹார்னெட்டின் டார்பிடோ ஸ்குவாட்ரன் 15 விமானங்களில் போனது, 15-உம் விழுந்தன, முப்பது பேரில் ஒருவர் பிழைத்தார். அவர்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

எண்ணெயும் உண்டு. 1944 மே மாதம் ஜப்பானியக் கப்பல் படை டாவி டாவி என்ற இடத்தில் நங்கூரம் போட்டது. எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கம் என்பதால் அந்த இடம். அங்கே விமானத் தளம் கிடையாது. வெளியே போனால் அமெரிக்க நீர்மூழ்கிகள். பயிற்சி முடியாத இளைஞர்கள் வாரக்கணக்கில் பறக்காமலே உட்கார்ந்திருந்து, கற்றதையும் மறந்து, நேராகச் சண்டைக்குப் போனார்கள்.

அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் அட்மிரல் ஒசாவா. விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கிய ர்யுஜோ என்ற கப்பல் 1942-இல் இவர் கீழ்தான் வங்கக் கடலுக்கு வந்தது. அப்போது சென்னையிலிருந்து மூட்டை முடிச்சோடு சனங்கள் நம் ஊர்ப் பக்கம் இரயிலேறி வந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று நகரங்களையே காலி செய்ய வைத்த அதே மனிதரை அக்டோபர் 1944-இல் பிலிப்பைன்ஸின் லெய்டே கடற்சண்டையில் தூண்டிலில் கோத்த புழுவாகப் பயன்படுத்தினார்கள். நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள், மொத்தம் நூற்றுச் சொச்சம் விமானங்கள். எதிரியை வடக்கே இழுப்பதே வேலை. நான்கும் மூழ்கின, ஜுயிகாகு உட்பட.

ஏப்ரல் 22

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: விமானத்தோடு போய் மோதிய தற்கொலைப் படையினர் நாட்டுப்பற்றால்தானே அப்படிச் செய்தார்கள்?

அம்மா, அந்தப் பிள்ளைகளின் மனத்தை நான் எடை போடமாட்டேன். ஆனால் அந்த முறை எப்போது வந்தது என்று பாருங்கள். அக்டோபர் 1944, லெய்டே. இறங்கத் தெரியாதவரை, குறி பார்க்கக் கற்காதவரை வைத்துக்கொண்டு வேறெதுவும் செய்ய முடியாத நிலை வந்த பிறகு. திரும்பி வரும் பயிற்சியே தேவைப்படாத ஒரு தாக்குதலைக் கண்டுபிடித்தார்கள். அதை உத்தி என்று பெருமையாக எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. பயிற்சி கொடுக்க வேண்டியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சாலமன் கடலில் மூழ்கிப் போனதன் விலையை இருபது வயதுப் பையன்கள் கட்டினார்கள்.

ஏப்ரல் 27

அரக்கோணத்துக்காரர் மறுபடியும்: "எங்கள் ஊர் ராஜாளிக் கடற்படைத் தளத்திலிருந்து கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் தினமும் போகின்றன. இனி ட்ரோன் காலம். திறமையான விமானி என்ற பேச்சே பழையது இல்லையா?"

அதே ராஜாளியில் கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் அரக்கோணம் வானத்தில் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் அவர்கள்தான். கோவாவில் ஹன்சா தளத்தில் கப்பலின் மேல்தளம் போலவே கரையில் ஓர் ஓடுதளம் கட்டியிருக்கிறார்கள், சாய்வு மேடையும் இறங்கும்போது பிடித்து நிறுத்தும் கம்பியும் அதில் உண்டு. அங்கே பழகிய பிறகே மிக்-29கே விமானிகள் கப்பலுக்குப் போகிறார்கள். கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 2022-இல் பணியில் சேர்ந்தபோது எல்லோரும் கப்பலின் எடையையும் நீளத்தையும் பேசினார்கள். அலையில் ஏறி இறங்குகிற அந்தத் தளத்தில் இரவில் இறங்கக் கற்றுக்கொடுப்பவர் எத்தனை பேர் என்று ஒரு பத்திரிகையாவது கேட்டதா? ட்ரோனை இயக்குபவருக்கும் கடலைப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

மே 2

நகரித் தம்பியின் கடைசிக் கேள்வி: இவ்வளவும் ஜப்பானியத் தலைமைக்குத் தெரியவே தெரியாதா?

தெரியும். சாந்தா குருஸுக்குப் பிறகு கப்பல்களின் விமானக் குழுக்களைச் சிரமப்பட்டுத் திரும்பக் கட்டினார்கள். நவம்பர் 1943-இல் ரபாவுலுக்கு நெருக்கடி வந்ததும், ஜப்பானியக் கப்பல் படைத் தளபதி அட்மிரல் கோகா, கப்பல்களுக்காகத் தயார் செய்த 173 விமானங்களைக் கழற்றி அந்தத் தரைத்தளத்துக்கு அனுப்பினார். கப்பலில் இறங்கத் தெரிந்த அபூர்வமான ஆட்களைத் தரையிலிருந்து பறக்கவிட்டார். இரண்டு வாரத்துக்குள் திரும்ப அழைத்தார்கள். அதற்குள் விமானங்களில் மூன்றில் இரண்டு பங்கும், ஆட்களில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் போயிருந்தார்கள். பிறகு மூன்றாவது முறையாக முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். அந்த வகுப்பைத்தான் 1944 ஜூனில் ஒன்பது கப்பல்களில் ஏற்றினார்கள்.